மரை வெட்டிய குழல்

நாலு வயதுப் பிள்ளையின் விளையாட்டுத் துவக்கைப் பறித்து, அதன் வாயை மண்டப வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். மொன்ட்ரியாலின் வில்லரேப் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம், யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். கேக் வெட்டியாகிவிட்டது. ரோல்ஸ் தட்டில் தூள்தான் மிச்சம். துவக்கைத் திருப்பித் தரச் சொல்லிப் பிள்ளை பிரெஞ்சில் அழுதுகொண்டிருந்தது. அவர் அதன் நுனியிலிருந்த செம்மஞ்சள் மூடியை மெதுவாகத் திருகினார். மூடி கழன்று கையோடு வந்தது.

"பாத்தீரே பிள்ளை, மரை வெட்டியிருக்கு," என்றார் என்னிடம். பிறகு அடியிலே தட்டிப் பார்த்தார். "குண்டு போடுற மகசினும் கழருது. இதே சாமான் உண்மையானதாய் இருந்து, நியூயோர்க் மாநிலத்துக்குள்ளை கொண்டுபோனால் இந்தப் பெடியன் உள்ளை."

"அண்ணை, அவனுக்கு நாலு வயசு."

"வயசு வேறை பிரிவு. அதைப் பேந்து பாப்பம்."

இப்படித்தான் அவர். உலகத்தில் எந்த இடத்தில் எந்தத் துவக்கின் வாயில் மரை வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது, வெட்டிய மரையில் எதைப் பூட்டலாம், எதைப் பூட்டினால் மறியலில் கம்பி எண்ணவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்குத்தான் அவர் விபரமாகச் சொல்லுவார்.

நான் அவருடைய வீட்டின் மேல்மாடியில் ஏழு வருஷம் வாடகைக்கு இருந்தேன். உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் எனக்கு எழுத்துவேலை. வீட்டுக்காரர் என்று சொல்ல வராது. அண்ணை என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய மனைவியை அக்கா என்று. அண்ணையின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் தகட்டுக் கட்டு இருக்கும். விசிறிபோல் விரியும். ஒவ்வொரு தகட்டிலும் ரம்பப் பல் மாதிரி வெட்டு, மரை அளப்பதற்கு. கோயிலுக்குப் போகும்போது சட்டையைக் கழற்றுவார், தகட்டுக் கட்டு வேட்டி மடிப்புக்குள் போய்விடும். என் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் முதலில் தகடு வெளியே வரும். ஊறுகாய்ப் போத்தல் திறக்க மறுத்தால் அதற்கும் தகடு. சனம் அவருக்கு வைத்த பட்டத்தை நான் சொல்லத் தேவையில்லை. மரையோடு வாழ்கிற மனிதருக்கு மரை கழண்டு போச்சு என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

அவருடைய வேலை கோத்-வெர்த்து பக்கத்தில் ஒரு பட்டறையில், லேத்தில். எண்ணெய் ஓடுகிற குழாய்களுக்கு மரை வெட்டுவது. பஸ்ஸில் போனால் கெதியாய்ப் போகலாம். அவர் மெற்றோவில் போவார். ஜாரி நிலையத்தில் ஏறி நகரம் முழுக்கச் சுற்றி மறுபக்கத்தால் மேலே வரும்வரைக்கும் சட்டம் வாசிப்பதற்காக. அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடடித்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் அவர் ஏதோ தேவாரம் படிக்கிறார் என்று நினைத்திருக்கலாம். வாய் அப்படித்தான் முணுமுணுக்கும்.

இந்த வருத்தம் எப்படித் தொற்றியது என்று அக்கா சொன்ன கதை இது. ஒரு மான் வேட்டைக் காலத்துக்கு முன், பட்டறை முதலாளியின் கூட்டாளி ஒருவன் தன்னுடைய கார்பைனின் குழலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். கார்பைன் என்றால் குழல் குட்டையான துவக்கு, காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்க வசதி. சுடும்போது தோளில் உதைக்கிறதாம். நுனியில் மரை வெட்டித் தந்தால் உதைப்பைக் குறைக்கிற மூடி ஒன்றைப் பூட்டலாமாம். அண்ணை லேத்தை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலாளி சொன்னான், குழாய் என்றால் குழாய்தானே, வெட்டு.

"மெர்சி, நோன்," என்றார் அண்ணை. "இந்த நாட்டில மரை வெட்டுறது குற்றமில்லை. ஆனால் துவக்கில வேலை செய்ய உன்ர பட்டறைக்கு லைசன்ஸ் இல்லை."

முதலாளி, இந்த ஊர்க்காரர் கோபத்தில் செய்வதுபோல, தேவாலயத்துப் பாத்திரங்களின் பெயரெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினான். வேலையால் நிறுத்தவில்லை. அவ்வளவு சுத்தமாக மரை வெட்ட அங்கே வேறு ஆள் கிடையாது. அண்ணையோ அன்றைக்குத்தான் தான் சொன்னது சரிதானா என்று பார்க்க வாசிக்கத் தொடங்கினார். சரிதான் என்று தெரிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கனடாச் சட்டம் முடிந்தது. "பக்கத்தில ஐம்பது மாநிலம் சும்மா கிடக்கு," என்று அமெரிக்காவுக்குள் இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு விடிவில்லை. நியூ ஜேர்சியில் நெருப்பை மறைக்கிற மூடி கூடாது, அதுவும் இன்னொரு சாமான் சேர்ந்து இருந்தால்தான், உதைப்பைக் குறைக்கிற மூடி பரவாயில்லை. நியூயோர்க்கில் இரண்டும் கூடாது, ஒன்றும் பூட்டாமல் வெறும் மரை இருந்தாலே போதும். பென்சில்வேனியாவில் கேள்வியே இல்லை. நெருப்பை மறைப்பதற்கும் உதைப்பைக் குறைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அக்காவின் சாம்பார்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விளக்குவார். கரண்டியில் ஓட்டை எங்கே இருக்கவேண்டும் என்பதுவரை சொல்லுவார். சாம்பார் ஆறிப்போகும்.

எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் சென்னையிலிருந்து வந்த பெடியன் ஒருவன் இருந்தான், கம்பியூட்டர் படிப்பு. படித்து முடித்ததும் நியூ ஜேர்சியில் ஒரு வேலை, ரெக்சஸில் ஒரு வேலை என்று இரண்டு கிடைத்தன. எதை எடுக்கலாம் என்று பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டான். அண்ணை ஒரு மணித்தியாலம் அவனை வாசற்படியில் நிறுத்தி வைத்திருந்தார்.

"ரெக்சஸ் எண்டால் தம்பி, நீர் மரையைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை."

"சார், எனக்குத் துப்பாக்கியே வேணாம் சார். நான் கோடிங் பண்ணப் போறேன்."

"இப்ப அப்பிடித்தான் சொல்லுவீர்."

பெடியன் கடைசியில் ரொறன்ரோவில் வேலை எடுத்துக்கொண்டு போனான். அண்ணைக்கு அது கொஞ்சம் மனவருத்தம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்லாமல் விட்டால் பாவம். அந்த மனிதரிடம் துவக்கு இருக்கவில்லை. ஒருநாளும் இருந்ததில்லை. தொட்டதுகூட இல்லை. ஒருநாள் என் குசினிக் குழாயின் கீழே படுத்திருந்தபடி அவரே சொன்னார். ஊரில் லேத் பட்டறையில் வேலை செய்த காலத்தில், குழாய்க்கிணற்றுக்கு மரை வெட்டிய ஒரு இரும்புக் குழாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் நுனியைத் தடவிப் பார்த்திருக்கிறான். மரை. இதிலே என்ன பூட்டப் போகிறாய்? தண்ணிப் பம்பு. பொய். பிறகு முகாமில் ஒரு வரிசை. சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்ட ஒருவன், சொந்தச் சனத்தை ஆமிக்குக் காட்டிக் கொடுக்கிற அவனை எங்கள் ஊரில் தலையாட்டி என்று சொல்லுவோம், இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நாலு மாதம் உள்ளே.

"அண்டைக்கு அந்த ஆமிக்காரனிட்டை ஒரு புத்தகம் இருந்திருந்தால் பிள்ளை," என்றார் குழாய்க்குக் கீழே இருந்து. "எத்தினை மரை எண்டால் குற்றம், எத்தினை எண்டால் பம்பு எண்டு எழுதிக் கிடந்திருந்தால், நான் எண்ணிக் காட்டியிருப்பன்."

அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, குழாய் திருத்தி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். அடுத்த கிழமை அவர் ஷம்பூப் போத்தலின் மூடியை அளந்தபோது வழக்கம்போலப் பகிடிதான் பண்ணினேன். மனிதருக்கு இரக்கம் எவ்வளவு நாள் நிற்கும்?

இனி அக்காவின் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனுக்குப் பென்சில்வேனியாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. பச்சை அட்டை இருந்தது. குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள். அங்கே வேலைக் கூட்டாளிகளோடு சேர்ந்து சனிக்கிழமைகளில் சுட்டுப் பழகப் போய், தானும் ஒரு கார்பைன் வாங்கியிருந்தான். தானே அடுத்த குண்டை ஏற்றுகிற வகை, மகசின் கழரும், வாயில் மரை, மரைக்கு மேலே மூடி. அங்கே அதில் பிழை ஒன்றும் இல்லை. பிறகு அவனுக்கு அல்பனிப் பக்கம் வேலை மாற்றம் வந்தது. அல்பனி நியூயோர்க் மாநிலம்.

அவன் போன் எடுத்தபோது அண்ணை மறுபடி என் குசினியில் இருந்தார். கை முழுக்க ஈரம். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக் கழுவுகிற இடத்தில் வைத்தார். அக்கா கீழே இருந்தார். ஆகவே அந்தக் கதையைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

"தம்பி, அந்தக் கார்பைனை என்ன செய்யப் போறீர்?"

"ஏன் அத்தான், பெட்டியில வைச்சுக் கொண்டு போறன்."

"கூடாது. வாயில மரை கிடக்கு. மூடியும் குற்றம், மரையும் குற்றம். நியூயோர்க்கில ஒண்டு இருந்தாலே காணும், ஆள் உள்ளை. வெளிக்கிட முதல் லைசன்ஸ் உள்ள கடைக்காரனிட்டைக் குடுத்துப்போட்டுப் போம்."

"மரை தானே அத்தான்! மரை ஆளைச் சுடுமோ?"

"சுடாது. ஆனால் பிடிச்சுக் குடுக்கும்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணை குழாயை இறுக்கிவிட்டு, என்ன சட்டம், எந்தப் பிரிவு என்று இன்னும் பத்து நிமிஷம் சொன்னார். அந்தப் பக்கம் அவன் போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைக்கிறேன். ஏதோ கார்ட்டூன் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

இரண்டு தைப்பொங்கல் போனது. இரண்டாவது பொங்கலுக்கு அவன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். அல்பனி வீட்டின் பின்வளவு, முழங்கால் அளவு ஸ்னோ. நடுவிலே காஸ் அடுப்பில் பொங்கல் பானை. பக்கத்தில் பட்டு வேட்டிக்குக் கீழே பனிச் சப்பாத்தோடு இவன், தோளில் கார்பைன். ஊரில் பொங்கினால் வெடி கொளுத்துவோம், இங்கே வெடிக்கு எங்கே போவது, அதனால் இது என்று கீழே ஒரு பகிடி. நூற்றுச் சொச்சம் பேர் உள்ள குழு. உலகம் பூராவும் இருந்து பெருவிரல் வந்து குவிந்தது. நான் சொந்தமில்லை, ஆனால் கலியாண அழைப்பிதழுக்கு இங்கிலீஷ் எழுதிக் கொடுக்கிறவள் என்று அக்கா என்னையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார்.

எல்லோரும் பானையைப் பார்த்தார்கள். அண்ணை படத்தைப் பெருப்பித்துத் துவக்கின் வாயைப் பார்த்தார்.

மூன்று தரம் போன் அடித்தார். அவன் எடுக்கவில்லை. வேறு யாரென்றாலும் அவனுடைய மனைவிக்கு அடித்திருப்பார்கள். இவர் சட்டக்காரர் அல்லவா? அறிவித்தல் என்றால் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். அந்தப் படத்தை எடுத்து, துவக்கின் நுனியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு, இது நியூயோர்க் மாநிலத்தில் பெரும் குற்றம், பச்சை அட்டைக்காரர் நாடு கடத்தப்படலாம், உடனே ஒரு சட்டத்தரணியைப் பிடித்து முறைப்படி ஒப்படைக்கவும் என்று கட்டுரை மாதிரி எழுதிக் குழுவில் போட்டார். ஒரு சொல் பிழையில்லை. அதைவிட மோசமான இடத்தில் அதைப் போட்டிருக்கவும் முடியாது.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். நான் அந்தப் படத்தையும் கட்டுரையையும் போன் திரையில் தெரிந்தபடியே படம் பிடித்து, சிரித்துக் கண்ணீர் விடுகிற மூஞ்சிகள் ஆறு ஏழு போட்டு, என்னோடு படித்த ஐந்து சிநேகிதிகளுக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டுக்காரருக்கு முற்றிவிட்டது என்று எழுதினேன். அந்த ஐவரில் ஒருத்தி அல்பனிப் பக்கம். அவளுடைய மனிசனும் அக்காவின் தம்பியும் ஒரே களஞ்சியம். இரண்டு பேருக்கும் மேற்பார்வையாளர் வேலை யாருக்கு என்பதில் ஒரு வருஷமாகக் கதைபேச்சு இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேனா என்றால், இல்லை, யோசிக்காமல் அனுப்பினேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லுவது எவ்வளவு வசதி என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நாலாம் நாள் அவனுடைய வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். கார்பைனை எடுத்துக்கொண்டு அவனையும் கொண்டு போனார்கள். பிறகு பிணையில் விட்டார்கள்.

அன்றைக்கே செய்தி குடும்பக் குழுவுக்கு வந்துவிட்டது. பிறகு ரொறன்ரோவில் இருக்கிற அக்காவின் பெரிய மாமா ஒரேயொரு சொல் எழுதினார். தலையாட்டி. பெயர் எழுதவில்லை, தேவையும் இல்லை. அந்தச் சொல்லுக்கும் பெருவிரல்கள் வந்தன. நான் எண்ணவில்லை, ஆனால் பொங்கல் படத்துக்கு வந்ததைவிடக் குறைவில்லை.

அக்கா அவரோடு கதைப்பதை நிறுத்தினார். ஒரே மேசையில் நான் இருந்தால் எனக்கூடாகப் பேசுவார். "பிள்ளை, உந்த மனிசனிட்டைக் கேளும், என்ர தம்பியைப் பிடிச்சுக் குடுத்துப்போட்டு எத்தினை பிரிவு சட்டம் படிக்கப் போறாராம் எண்டு." அண்ணை சோற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கோயிலில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள். விபூதித் தட்டை நீட்டிய கை அவரிடம் வரும்போது கொஞ்சம் கெதியாய்ப் போனது.

ஒருநாள் வாசலில் வைத்துக் கேட்டேன். "அண்ணை, நீங்கள் பொலிசுக்குச் சொல்லேல்லை எண்டு ஒரு வார்த்தை எழுதினால் என்ன?"

"எழுதலாம். அண்டைக்குச் சாக்குப் போட்டவனும் கேட்டால் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பான்."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம், வேறென்ன. அந்தச் சொல் என்மேல் விழுந்தால் நான் எந்தக் கோயிலுக்குப் போவது, யார் எனக்குப் பக்கத்தில் நிற்பார்கள் என்று நினைத்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன். படியில் அவரைக் கண்டால் குளிரைப் பற்றிக் கதைத்தேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை அண்ணை வெளிப்படியால் மேலே ஏறி வந்தார். சுழற்படி முழுக்க ஐஸ். கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல், இங்கிலீஷில் ஒரு கடதாசி எழுதவேண்டும் என்றார்.

தம்பியின் அல்பனிச் சட்டத்தரணி சொன்னாராம், எல்லாம் ஒரு கேள்வியில் நிற்கிறதாம். அது அந்த மாநிலத்தில் கூடாது என்று தெரிந்துகொண்டே வைத்திருந்தானா, இல்லையா? தெரிந்து வைத்திருந்தான் என்றால் பெரும் குற்றம், பச்சை அட்டை போகும், ஆளைக் கொழும்புக்கு ஏற்றுவார்கள், மனைவி பிள்ளைகள் அங்கே தனியே. தெரியாமல் வைத்திருந்தான், நம்பத்தக்க ஒருவர் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று காட்டினால் சின்னக் குற்றமாகக் குறைக்கக் கேட்கலாமாம்.

"அந்த நம்பத்தக்க ஒருத்தர் நான்," என்றார் அண்ணை.

"நீங்கள் சரியாத்தானே அண்ணை சொன்னனீங்கள். உதிலை, அந்தக் குழாயடியில நிண்டு. நானும் கேட்டனான்."

"ஓம். இப்ப பிழையாய்ச் சொன்னதாய் எழுதும்."

நான் எழுதினேன்: சட்டத்தை நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. வாசித்துக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"அப்பிடிப் பொதுவாய் எழுதக்கூடாது பிள்ளை. பிழை எண்டாலும் என்ன பிழையெண்டு சரியாய் எழுதவேணும். இல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம்."

பிறகு நாங்கள் இருவரும் இருந்து ஒரு பிழை தேடினோம். சிரிக்காதீர்கள், இரண்டு மணித்தியாலம் தேடினோம். மரையைக் கவனிக்கவே மறந்துவிட்டேன் என்று எழுதட்டா என்றேன். அது விசர்க் கதை, தன்னைத் தெரிந்த ஒருவனும் நம்பமாட்டான் என்றார். பென்சில்வேனியாச் சட்டம் கூடவே வரும் என்று நினைத்தேன்? அது பள்ளிக்கூடப் பிள்ளையின் பிழை. ஒவ்வொன்றையும் தகடு வைத்து அளப்பதுபோல அளந்து தள்ளினார். கடைசியில் அவரே கண்டுபிடித்தார். நியூ ஜேர்சிச் சட்டத்தை நியூயோர்க்குக்குச் சொல்லிவிட்டேன், உதைப்பைக் குறைக்கிற மூடி என்றால் பிரச்சினையில்லை என்று போனில் உறுதியாகச் சொன்னேன், இரண்டு வருஷம் கழித்துப் படத்தைப் பார்த்தபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது, உடனே குழுவில் எழுதினேன்.

"இது செய்யக்கூடிய பிழை," என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்த தகட்டுக் கட்டை எடுத்து விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். தலையாட்டி என்ற சொல்லைத் தாங்கிய மனிதர், இந்தப் பிழையைத் தாங்கமுடியாமல் இருந்ததை நான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. விசைப்பலகையைத் துடைக்கிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

வெறும் கடிதமாக அனுப்பினால் போதும் அண்ணை, சத்தியம் பண்ணவேண்டாம் என்று கெஞ்சினேன். நொத்தாரிசு அலுவலகத்தில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா, பொய்ச் சத்தியம் என்றால் என்ன என்று. அவருக்கு என்னைவிடத் தெரியும். எந்தப் பிரிவு, எவ்வளவு மறியல் என்று சொல்லிக் காட்டினார். "சத்தியக் கடதாசி எண்டால்தான் அங்கை பாரம்," என்றார். என் முதலாளியிடம் வரக்கூடாது என்றேன். "உம்மை இதுக்குள்ளை இழுக்கமாட்டன். பார்க்-எக்ஸ்ரென்சன் பக்கம் சத்தியம் வாங்கிக் கையெழுத்து வைக்கிற ஒரு ஆள் இருக்கு."

கடதாசியை உறையில் வைத்து எழும்பினார். கதவடியில் நின்று சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"பிள்ளை, இதை ஒருத்தருக்கும் அனுப்பிப்போடாதேயும். முந்தி நீர் சிரிச்ச மூஞ்சியள் போட்டு அனுப்பின படம் எனக்கும் வந்தது. லண்டனுக்குப் போய்ச் சுத்தி வந்தது. உம்மட பேர் மேலை கிடந்தது."

அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அனுப்பிறது குற்றம் எண்டு ஒரு இடத்திலயும் எழுதிக் கிடக்கேல்லை," என்றார். "நான் தேடிப் பாத்தனான்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு படியால் இறங்கிப் போனார். அவர் கீழே போய்க் கதவு பூட்டுகிற சத்தம் கேட்கும்வரைக்கும் நான் வாசலில் குளிருக்குள் நின்றேன்.

கடதாசி வேலை செய்தது. சின்னக் குற்றமாகக் குறைத்தார்கள். கார்பைனை அழித்தார்கள். தம்பி நாட்டில் தங்கினான். அந்தச் சந்தோஷத்தில் அவனுடைய மனைவி சத்தியக் கடதாசியைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவிலேயே போட்டாள். கடவுள் எங்கள் சாதி சனத்துக்கு ஏன் போன் கொடுத்தான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

உடனே காற்று மாறியது. அட, இந்த மனிதர் காட்டிக் கொடுத்தவர் இல்லை, ஒன்றும் தெரியாதவர்! இவ்வளவு காலமும் இவர் சொன்னதெல்லாம் புளுகு! பெரிய மாமா மூன்று சிரிப்பு மூஞ்சி போட்டார். அக்கா மறுபடி கதைக்கத் தொடங்கினார். முதல் வசனம், "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுறதுக்கு உங்களுக்கு என்ன வந்தது?" அண்ணை, "ஓம், பிழைதான்," என்றார். தகட்டுக் கட்டு சட்டைப் பையிலிருந்து காணாமல் போனது. மெற்றோவை விட்டுவிட்டுப் பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

அடுத்த வருஷம் வீட்டை விற்றுவிட்டு ரொக்ஸ்பரோவுக்குப் போனார்கள். நான் மொன்ட்ரியால்-நோரில் ஒரு வீடு எடுத்தேன். அதற்குப் பிறகு அவரைக் கண்டது ஒருதரம்தான், கோடையில், அவர்களுடைய புது வீட்டின் பின்வளவில். பெரிய மாமா ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். தம்பியும் அல்பனியிலிருந்து குடும்பத்தோடு வந்து, கோழி வாட்டுகிற அடுப்படியில் நின்றான். சாப்பாடு முடிகிற நேரம் மாமா கதிரையில் சாய்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கக்கூடியதாய்த் தொடங்கினார்.

"என்ன மருமேன், இப்ப நியூயோர்க்கில துவக்கு வாய்க்கு மூடி போடலாமோ?"

சனம் அப்போதே சிரிக்க ஆயத்தமாகிவிட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கனவே வெந்துபோன கோழித்துண்டைத் திருப்பினான். அண்ணை அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னார் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

அண்ணை மாமாவைப் பார்த்தார். "உதைப்பைக் குறைக்கிற மூடி எண்டால் பிரச்சினையில்லை," என்றார். நாங்கள் இரண்டு மணித்தியாலம் இருந்து செதுக்கிய வசனம், ஒரு சொல் பிசகவில்லை.

வளவு அதிர்ந்தது. மாமா தொடையில் அடித்துச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் ஒருத்தி சிரிக்காமல் நின்றால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் பொய்ச் சத்தியம் தொடக்கம் ஒன்றின் பின் ஒன்றாக எல்லாம் வெளியில் வரும்.

ஆகவே நானும் சிரித்தேன், உரத்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. அவருக்கு நான் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.